நாலரை அடி நிழல்

போன திங்கட்கிழமை மானிப்பாயில், காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பங்குனி வெயில். உள்ளே ஒரு மின்விசிறி தன்பாட்டில் முனகிக்கொண்டு சுற்றியது. எங்கள் தோட்டக் காணியை என் அண்ணையின் மகளுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கிற வேலை. பழைய உறுதியைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்ததுமே பூச்சி உருண்டையும் பழைய ஈரமும் கலந்த ஒரு வாசம் எழும்பியது. அந்த வாசத்தில் நான் கொஞ்சம் கிறங்கிப் போயிருந்த நேரத்தில், தட்டச்சுச் செய்யும் பெட்டை உறுதியைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போனாள்.

“அதன் மேற்குப் பக்கத்துக் கிணற்றிலும் துலாவிலும் வழிவாய்க்காலிலும் கிணற்றடித் தரையிலும் ஐந்திலொரு பங்கும்...”

“பிழை பிள்ளை. ஆறிலை ஒண்டு” என்றேன்.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். “இல்லை ரீச்சர். ஐஞ்சிலை ஒண்டு எண்டுதான் கிடக்கு. மூண்டு இடத்திலையும் அப்பிடித்தான்.”

முப்பது வருஷத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவள் நான். ஊரிலுள்ள பாதிப் பேருக்குப் பின்னங்களைத் தலையில் குட்டி ஏற்றியவள். எனக்கு ஒரு சின்னப் பெட்டை பின்னம் திருத்துகிறாள். குடிக்க வாங்கி வைத்திருந்த சோடாவைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. உறுதியில் எப்போதும் ஐந்துதான் இருந்தது. ஆறாவது பங்கு எந்தக் கடதாசியிலும் ஏறவில்லை.

உங்களுக்கு நேரமிருந்தால் அந்த ஆறாவது பங்கைப் பற்றிச் சொல்கிறேன். நேராகச் சொல்லத் தெரியாது, வழியில் நாலு இடத்தில் நின்றுதான் வருவேன். என் வகுப்பில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. அப்பாவின் வீட்டோடு சேர்த்து ஐந்து வீட்டுக்கு ஒரு கிணறு, அதைச் சுற்றி மூன்று பரப்புத் தரை. அந்தத் தரை எவருக்கும் தனிச் சொந்தமில்லை. அதில் பூவரசங்குழையைக் குவிப்பார்கள், மாட்டைக் கட்டுவார்கள், எரு கொட்டுவார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எல்லோரிடமும் தண்ணீர் இறைக்கிற மிசின் வந்துவிட்டது. அவரவர் தங்கள் மிசினைக் கொண்டுவந்து குழாயை இறக்கி, பத்து நிமிஷத்தில் வாய்க்கால் நிரம்ப அடித்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன் இறைத்த பழைய துலா, அந்த நீண்ட ஏற்றமரம், வேலியோரம் கிடந்தது. எங்கள் வீட்டுக் கோழிகள் அதன்மேல் வரிசையாக அடையும். பங்கு என்ற சொல் உறுதியில் மட்டும் இருந்தது.

பிறகு போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெய் இல்லாமல் போனது. தொண்ணூறு, தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்கு எப்படி விளக்கினாலும் விளங்காது. மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. பற்றறியைப் பிறகு மறந்துவிடாதீர்கள், கதைக்கு அது வேண்டும். மிசின்கள் எல்லாம் சாக்குப் போர்த்திக்கொண்டு மூலைக்குப் போக, கோழிகளைக் கலைத்துவிட்டுத் துலாவைத் தூக்கினார்கள்.

ஒருவர் தனியாகத் துலாவில் தோட்டத்துக்கு இறைக்க ஏலாது. இரண்டு பேர் மேலே ஏறி அந்த நீண்ட மரத்தில் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், ஒருவர் கிணற்றுக் கட்டில் நின்று தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும், ஒருவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாற்ற வேண்டும். அதனால் ஐந்து வீடும் கதைக்க வேண்டி வந்தது. ஐந்தில் இரண்டு வீடு வடலியடிச் சகோதரர்களுடையது. வேலியில் நட்ட ஒரு கதியால் தடிக்காகப் பதினொரு வருஷம் முகம் பார்க்காதவர்கள். அந்த இரண்டு பேரும் ஒரே துலாவில் ஏறி, ஒருவர் முதுகை மற்றவர் பார்த்துக்கொண்டு நடந்ததை நான் கண்ணால் கண்டேன். ஒருவர் கால் வைக்கிற கணக்குத் தப்பினால் மற்றவர் கீழே விழுவார். ஒரு சொல் பேசாமலே கால் ஒத்து வந்தது.

முறையை ஒழுங்கு செய்தது சின்னத்தம்பியர். கறுவல், உயரம், தோளில் எப்போதும் ஒரு துவாய். ஐந்து பங்குக்காரரில் வயதுக்கு மூத்தவர், பிடிவாதத்துக்கும் மூத்தவர். நாளுக்கு இரண்டு முறை. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். நடுவில் நாலைந்து மணித்தியாலம் கிணறு ஊற வேண்டும். ஊற விடாமல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும், பிறகு ஐந்து வீட்டுப் பயிரும் போய்விடும். அன்றைக்கு எவருக்கு முறை இல்லையோ அவர்கள் வந்து துலா மிதிக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். எழுதிய சட்டமில்லை.

நான் அப்போது நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில் கணிதம் படிப்பித்தேன். வயது இருபத்திநாலு. அந்த வயதில் கணிதம் தெரிந்தவர்களுக்கு ஒரு மண்டைக்கனம் வரும், எனக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. “பிள்ளை, நீ படிச்சனி. முறையை வடிவாக எழுதித் தா” என்று சின்னத்தம்பியர் கேட்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கொப்பித் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டு, காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, மாலை இரண்டரை முதல் ஆறரை வரை என்று அட்டவணை எழுதினேன். ஜேர்மனியிலிருந்து அண்ணை அனுப்பிய மணிக்கூட்டைக் கழற்றிக் கிணற்றடிப் பூவரசில் ஆணியடித்து மாட்டினேன். ஐந்து பங்குக்காரரும் அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒரு சின்ன நாடாளுமன்றம் திறந்த மாதிரி எனக்குப் பெருமை.

விமானம் வந்த நேரத்தை என்ன செய்வது என்று ஒருநாள் பெரிய விவாதம் நடந்தது. பொம்மர் சத்தம் கேட்டால் துலாவில் நிற்பவர்கள் குதித்து வாய்க்காலில் படுப்பார்கள். படுத்துக் கிடந்த இருபது நிமிஷம் எவருடையது? “அது என்ரை நேரமில்லை, அவன்ரை நேரம்” என்று மேலே கையைக் காட்டினார் பொன்னுத்துரை அண்ணை. இவர்தான் எங்கள் பங்குக்காரரில் பகிடிக்காரர். கடைசியில், விமானம் தின்ற நேரத்தை முறைக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானமானது. அதையும் சிவப்பு மையால் எழுதினேன்.

மலரக்கா வந்தது இந்தக் காலத்தில்தான். வடக்குக் கரைப்பக்கத்து ஊர். ராணுவம் பிடித்து, அங்கே இனி எவரும் போக ஏலாது என்றானபோது இரண்டு பெண் பிள்ளைகளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்து, பொன்னுத்துரை அண்ணையின் புகையிலைக் குடிலில் தங்கினா. புருசன் கப்பலில் வேலைக்குப் போனவர், கடிதம் வருவதில்லை. தகரப் பெட்டிக்குள் ஒரு உறுதி இருந்தது. எனக்கு ஒருநாள் எடுத்துக் காட்டினா. ‘கிணற்றிலும் துலாவிலும் ஐந்திலொரு பங்கும்’ என்று அதிலும் எழுதியிருந்தது.

“எங்கடை கிணத்துத் தண்ணி இனிப்பு, ரீச்சர். தேத்தண்ணிக்குச் சீனி குறையப் போடலாம்” என்று சொல்லிச் சிரித்தா.

மலரக்கா ஒருநாள் சின்னத்தம்பியரிடம் வந்து, கிணற்றடித் தரையில் குழை குவிக்காத பக்கத்தைக் கொத்தி வெங்காயம் நடலாமா என்று கேட்டா. அது பொதுத் தரை, ஐந்து பேரும் ஓம் என்றால்தான் ஓம். ஐந்து பேரும் பூவரசின் கீழ் கூடினார்கள். வடலியடி மூத்தவர் தரையைக் கொடுக்கலாம், முறை கொடுக்க ஏலாது என்றார். சின்னத்தம்பியர் துவாயை உதறித் தோளில் போட்டார்.

“தண்ணி இல்லாத தரையைக் குடுத்து என்ன செய்யிறது? காயவோ? குடுக்கிறதெண்டால் முறையோடை குடுக்க வேணும். இனி ஆறு முறை. பிள்ளை, எழுது.”

நான் எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் கிணறு ஆறு பங்கு. மூன்று நாளுக்கு ஒரு சுற்று. மலரக்காவுக்குக் காலை முறை, அதே நாள் மாலை சின்னத்தம்பியருக்கு.

அந்த வருஷத்து மாசி, பங்குனியை நினைத்தால் எனக்கு இன்னும் கால் தரையில் படுவதில்லை. விடிகிற நேரம் துலா கிரீச் என்று எழும்பும், பட்டை தண்ணீரில் விழும், பிறகு கவிழும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை, மறுபடி கிரீச். படுக்கையில் கிடந்தபடியே அந்த ஒன்றுமில்லாத இடத்துக்காகக் காத்திருப்பேன். வெங்காயத் தாளில் வெயில் ஏறும் வாசம், நனைந்த துலாக்கயிற்றின் வாசம், குழை அழுகும் வாசம். நான் சைக்கிளில் நல்லூருக்கு வெளிக்கிடும்போது மலரக்கா வாய்க்காலில் முழங்கால் வரை சேறாக நின்று கை காட்டுவா. யுத்தம் நடக்கிற நாட்டில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்தது என்று வெளியில் சொல்ல இன்றைக்கும் கூச்சம்தான். இருந்தது.

மலரக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. இறைப்பு நடக்கும்போது இடைக்கிடை வெட்ட வெளியில் போய் நிமிர்ந்து நிற்பா. தன் நிழலின் தலை விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதியோடு மற்றப் பாதத்தின் விரலை ஒட்டி ஒட்டி வைத்து அது வரை நடந்து அளப்பா. “எங்கடை ஊரிலை இப்பிடித்தான் முறை மாறுறது. பங்குனியிலை பத்து மணிக்கு நாலரை அடி. மாதத்துக்கு மாதம் அடி மாறும்” என்றா.

ஒரு நாள், மலரக்காவின் முறை, காலை எனக்கு ரியூசன் இல்லை. நான் கிணற்றடியில் நின்றேன். மணிக்கூட்டில் பத்து ஆனதும் துலாவில் நின்ற வடலியடிச் சகோதரர்கள் இறங்கினார்கள். “இண்டைக்கு ஏன் இப்பிடி இளைக்குது?” என்று மூத்தவர் காற்றைப் பார்த்துக் கேட்டார். தம்பி பதில் சொல்லக் கூடாது என்பதால் ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மலரக்கா நிழலை அளந்துவிட்டு என்னிடம் வந்தா. “ரீச்சர், மூண்டடிதான் வருது. பத்தே முக்காலாகுது. உங்கடை மணிக்கூடு பிந்தி ஓடுது.”

நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை, பாடமும் எடுத்தேன். “அக்கா, உங்கடை கால் சின்னன். சின்னத்தம்பியற்றை கால் பெரிசு. ஆளுக்காள் அடி வித்தியாசம். அதாலை நேரம் அளந்தால் ஆளுக்கொரு நேரம்தான் வரும். விஞ்ஞானம் அப்பிடி இல்லை.”

மலரக்கா மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டா.

இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. ஏனென்றால் எனக்குத் தெரியும். அப்பா பின்னேரங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றுவார், டைனமோவில் றேடியோ பாடும், நான் செய்தி நேரத்துக்கு மணிக்கூட்டைச் சரி பார்ப்பேன். அந்த ஒரு கிழமையாக அது தினமும் பிந்திக் காட்டியது. முதல் நாள் பத்து நிமிஷம், பிறகு அரை மணித்தியாலம், அதற்கும் மேல். பற்றறி சாகப் போகிறது, நின்று நின்று ஓடுகிறது. புதுப் பற்றறிக்கு யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடையாது. நான் சத்தம் போடாமல் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு, விடிய மறுபடி பூவரசில் மாட்டினேன். இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஆணி வெறுமையாக இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு மாலை சின்னத்தம்பியரின் முறை. அவருக்குத்தான் எல்லோரிலும் பெரிய தோட்டம். மற்ற நாள் மாலை முறைக்காரர்கள் சின்னத் துண்டுக்கு இறைத்து முடித்துவிடுவார்கள், குறை தெரியாது. இவர் இறைத்துப் பாதியில் பட்டை அடியில் தட்டியது. தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினார். உவர்.

அடுத்த நாள் காலையே பூவரசின் கீழ் கூட்டம். மணிக்கூட்டுக்குப் பத்து மணிக்கு நிற்பாட்டினோம் என்று சகோதரர்கள் இருவரும் தனித்தனியாகச் சத்தியம் செய்தார்கள். அது உண்மை. அப்படியென்றால் ஆட்கள் போன பிறகு யாரோ அள்ளியிருக்க வேண்டும். கிணற்றடியில் நாள் முழுக்க நிற்பது ஒரே ஒரு ஆள்.

“நான் அள்ளேல்லை” என்றா மலரக்கா.

“கிணறு பொய் சொல்லாது” என்றார் சின்னத்தம்பியர். குரலில் கோபத்தை விட நோவுதான் கூட இருந்தது. அவர்தான் முன்நின்று முறை வாங்கிக் கொடுத்தவர். “மூண்டு சுத்துக்கு உங்கடை முறை நிண்டுபோச்சு. குடிக்கிற தண்ணிக்குத் தடையில்லை.”

மலரக்கா என்னைப் பார்த்தா. ஒருக்கால்தான். மன்றாடுகிற பார்வையில்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கையை உயர்த்தும் என்று நாங்கள் பார்ப்போமே, அந்த மாதிரி. எனக்கு விடை தெரியும். நான் என் கொப்பித் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டைக்குக் கணக்குப் பிழைத்துப் போச்சு என்று ஊர் சொல்லும், அந்தப் பயம்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இத்தனை வருஷமாகியும் கிடைக்கவில்லை.

மூன்று சுற்று என்றால் ஒன்பது நாள். வெங்காயம் குமிழ் வைக்கிற பருவம், பங்குனி வெயில். கிணற்றுக் கட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் மலரக்காவின் பாத்தி. ஒரு வாளி அள்ளி ஊற்றினால் எவருக்கும் தெரியாது. ஊற்றவில்லை. பிள்ளைகள் முகம் கழுவிய தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் ஒரு பேணியில் சேர்த்துக் கொண்டுபோய், ஒவ்வொரு வெங்காயத்தின் அடியிலும் விட்டதை எங்கள் வேலியால் பார்த்தேன். துடைக்க வேண்டும் என்று சொல்லி மணிக்கூட்டை ஆணியிலிருந்து கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்; முறைக்காரர் வெயிலை மட்டுக்கட்டி இறைத்தார்கள். றேடியோவில் நேரம் சொல்லும்போது எழும்பிப் போய்விடுவேன்.

ஆறாம் நாள் நல்லூரில் வகுப்பு. இயல்பொத்த முக்கோணிகள் பாடம். கரும்பலகையில் ஒரு கம்பம், அதன் நிழல், பக்கத்தில் ஒரு மனிதன், அவன் நிழல். கம்பம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு நிழல், விகிதம் மாறாது என்று சொல்லிக்கொண்டு போனேன். சோக்கட்டி பாதி வழியில் நின்றது. மனிதன் உயரமென்றால் நிழல் நீளம். உயரமான மனிதனுக்குப் பாதமும் நீளம்.

“எல்லாரும் வெளியிலை வாங்கோ” என்றேன்.

முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளையும் நிற்க வைத்து, செருப்பைக் கழற்றி, அவரவர் நிழலை அவரவர் காலால் அளக்கச் சொன்னேன். வகுப்பிலேயே நெட்டைச்சி ஒருத்தி, அவள் பக்கத்தில் தோளுக்கும் எட்டாத ஒருத்தி. இருவரும் குதியும் விரலும் ஒட்டி ஒட்டி நடந்தார்கள்.

“நாலரை, ரீச்சர்.”

“எனக்கும் நாலரை!”

ஒருவனுக்குக் கொஞ்சம் கூட, ஒருத்திக்குக் கொஞ்சம் குறைய. மற்றப்படி முற்றம் முழுக்க நாலரை. பக்கத்து வகுப்பு மாஸ்ரரின் சாவி கொடுக்கிற மணிக்கூட்டில் பத்து மணி. அவரவர் காலால் அவரவர் அளந்தும் எல்லோருக்கும் ஒரே நேரம் வந்தது. நான் வருஷக்கணக்காகப் படிப்பித்த பாடத்தைத்தான் மலரக்கா வெறுங்காலால் நடந்து காட்டியிருக்கிறா. நான் அவவுக்கு விஞ்ஞானம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்து விளையாட, நான் வேலியோரம் போய் நின்று அழுதேன்.

அன்றைக்கே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன். கிணறு ஊறுகிற நேரம், தோட்டத்தில் ஆளில்லை. வீடு வீடாகப் போய் ஐந்து பேரையும் கூப்பிட்டேன், மலரக்காவையும் கூப்பிட்டேன். லாச்சியிலிருந்து மணிக்கூட்டை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

“இது ரெண்டு கிழமையாய்ப் பிந்தி ஓடுது. எனக்குத் தெரியும். சொல்லேல்லை. அந்த நாள் முக்கால் மணித்தியாலம் கூட இறைச்சது எங்கடை துலாதான். அக்கா அள்ளேல்லை.”

 அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்குப் பெரிய அடி. பகிடி விடுகிற பொன்னுத்துரை அண்ணை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். சின்னத்தம்பியர் மணிக்கூட்டைக் கையில் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அதை என்னிடம் தந்துவிட்டு மலரக்காவின் பாத்தியடிக்குப் போனார். குந்தியிருந்து ஒரு வெங்காயத்தைத் தொட்டுப் பார்த்தார். தாள் கையோடு வந்தது.

“இண்டைக்குப் பின்னேரம் என்ரை முறை. அது உங்களுக்கு, பிள்ளை” என்று மலரக்காவிடம் சொன்னார். “நானே மிதிக்கிறன்.”

அன்றைக்கு நான்தான் பட்டை பிடித்தேன், கை கொப்பளிக்க. எனக்கு அந்த வேலை தெரியாது. பாதித் தண்ணீர் என்மேல்தான் கொட்டியது. வாய்க்காலில் நின்ற மலரக்காவிடம், “அண்டைக்கு நீங்கள் என்னைப் பாத்தியள். நான் வாயைத் திறக்கேல்லை. என்னை மன்னியுங்கோ அக்கா” என்றேன்.

மலரக்கா மண்வெட்டியால் ஒரு மடையை வெட்டித் தண்ணீரை மற்றப் பாத்திக்குத் திருப்பினா.

“நீங்கள் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும், ரீச்சர். வெங்காயத்துக்குத்தான் தெரியேல்லை.”

பாதிக்கு மேல் பட்டுப்போனது. தப்பியது சுண்டுவிரல் பருமன். அடுத்த முறை நடுவதற்கு ஐந்து வீட்டிலிருந்தும் விதை வெங்காயம் போனது. வடலியடிச் சகோதரர்கள் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் ஆளுக்கு ஒரு கடகம் கொடுத்தார்கள். என் அட்டவணையை நானே கிழித்தேன். நிழல் அளக்கிற பொறுப்பு மலரக்காவுக்குப் போனது. பங்குனியில் நாலரைக்கு நிற்பாட்டு, மறுபடி நிழல் நாலரைக்கு நீளும்போது மாலை முறை தொடக்கம். மாதத்துக்கு மாதம் அடி மாறும், அது அவவின் மனதில் இருந்தது. “நாலரை!” என்று மலரக்கா கூப்பிட்டால் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும். துலா அந்தரத்தில் நிற்கும். விமானம் தின்ற நேரத்தைத்தான் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது, நிழல் எவருக்காகவும் நிற்காது. பொன்னுத்துரை அண்ணை, “அது மேலை இருக்கிறவைக்கு நாங்கள் குடுக்கிற ஏழாவது பங்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் நாங்கள் ஆறு வீட்டுக்காரர் ஆனோம் என்று எனக்குத் தோன்றும்.

மூன்று வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. பிறகு தொண்ணூற்றைந்தில், ஐப்பசி மழையில், ராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஒரே நாளில் எழும்பிப் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தது. வெளிக்கிடும்போது மலரக்கா பட்டையை நிலத்தில் விடாமல் உயரத் தூக்கிக் கட்டினா. “ஈரத்திலை கிடந்தால் கயிறு உக்கிப்போம், ரீச்சர்.” நாளைக்கு வந்து இறைக்கப் போகிற மாதிரி இரண்டு முடிச்சுப் போட்டா. நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் மலரக்காவின் தகரப் பெட்டி கொஞ்ச நேரம் எனக்கு முன்னால் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. தாயும் பிள்ளைகளும் வன்னிக்குப் போனதாக யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது துலாவை யாரோ விறகாக்கியிருந்தார்கள். சின்னத்தம்பியர் தென்மராட்சியிலேயே கண்ணை மூடிவிட்டார். சகோதரர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில். வடக்குக் கரைப்பக்கத்துக் காணிகளை ராணுவம் விட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு ஒருநாள் பஸ் எடுத்துப் போனேன். பற்றைக்குள் கிணறுகள் கிடந்தன. எது இனிப்புத் தண்ணீர்க் கிணறு என்று கேட்க ஆளில்லை.

இப்போது ஊரில் வீட்டுக்கொரு குழாய்க் கிணறு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மோட்டர் கத்துகிறது. தண்ணீர் எல்லா வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக உவர்க்கத் தொடங்கிவிட்டது. போன மாதம் வாசிகசாலையில் இளம் ஆட்கள் கூட்டம் வைத்தார்கள், பங்குக் கிணற்றைத் தூர்வாரி மறுபடி முறை வைக்கலாமா என்று. நல்ல பிள்ளைகள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் நிழலைப் பற்றிச் சொன்னேன். “மோட்டருக்கு, நேரத்துக்குத் தானா நிக்கிற ரைமர் பூட்டலாம், ரீச்சர்” என்றான் ஒருவன். நான் சிரிக்கவில்லை. ஒருக்கால் சிரித்தது போதும். ரைமருக்கும் பற்றறி இருக்கும், அது பிந்தினால் சொல்லுகிற ஆளையும் பக்கத்தில் வைத்திருங்கோ என்று மட்டும் சொன்னேன்.

நொத்தாரிசின் கந்தோரில் அந்தப் பெட்டை இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப என்ன போட, ரீச்சர்? ஐஞ்சிலை ஒண்டு எண்டே போடவோ?”

“ஓம் பிள்ளை. உறுதியிலை இருக்கிறதைப் போடுங்கோ.”

வீட்டுக்கு வருகிற வழியில், பின்னேரம் இரண்டரை மணிக்கு, கிணற்றடிப் பக்கம் திரும்பினேன். கிணற்றுக்கு மேல் கம்பி வலை போட்டிருக்கிறது. பூவரசில் அந்த ஆணியை மரம் விழுங்கிவிட்டது, ஒரு வடு மட்டும் இருக்கிறது. வெட்ட வெளியில் போய்ச் செருப்பைக் கழற்றினேன். நிமிர்ந்து நின்று நிழலின் தலை விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, குதியும் விரலும் ஒட்டி ஒட்டி நடந்தேன். வயதாகிக் கூன் விழுந்திருக்கிறது, கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

“நாலரை!” என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்காத அளவு மெல்லியதாகத்தான் வந்தது. இன்னொருக்கால், மூன்று தோட்டத்துக்கும் கேட்கக் கூப்பிட்டேன்.

பக்கத்து வளவில் மோட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.